உங்கள் பிள்ளை ஓர் அரசியல் தலைவரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினால்: பெற்றோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அறைச் சுவரில் தலைவரின் படம். போனைத் திறந்தால் அவர் முகம். குளிக்கும்போதும் அவருடைய மேடைப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. யாராவது அவரைப் பற்றி ஒரு வார்த்தை குறைத்துச் சொல்லிவிட்டால் பிள்ளைக்குக் கண் கலங்குகிறது, இல்லையென்றால் கதவு படாரென்று சாத்தப்படுகிறது.

இப்படி ஒன்று வீட்டில் தொடங்கியதும் பெற்றோர் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். அந்தத் தலைவரைப் பிடிக்காதவர்கள் பதறிப்போய் அவருடைய குற்றப்பட்டியலை வாசிக்கிறார்கள். பிடித்தவர்கள் பூரித்துப்போய்ப் பிள்ளையை முழக்கம் போடச் சொல்லி வீடியோ எடுக்கிறார்கள். இரு தரப்பாரும் பேசுவது தலைவரோடுதான். பிள்ளை நடுவில் நிற்கிறது.

அதனால் தலைவர் நல்லவரா கெட்டவரா என்ற வழக்கைக் கொஞ்ச நாள் ஓரமாக வையுங்கள். பிள்ளை ஒரு மனிதரை எப்படி எடைபோடுகிறது என்பதைக் கவனியுங்கள். எடைபோடத் தெரிந்த பிள்ளைக்கு யாரைப் பிடித்திருந்தாலும் பெரிய ஆபத்தில்லை. தெரியாத பிள்ளைக்கு உங்களுக்குப் பிடித்த தலைவரையே பிடித்திருந்தாலும் கவலைப்பட வேண்டியதுதான்.

முதல் படி: வயதைப் பாருங்கள்

ஃபிரெட் கிரீன்ஸ்டைன் என்ற அமெரிக்க அரசியல் அறிஞர் 1958-இல் நியூ ஹேவன் நகரப் பள்ளிப் பிள்ளைகளிடம் நாட்டுத் தலைவர்களைப் பற்றிக் கேட்டார். 9 முதல் 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகள். அதிபர் என்ன வேலை பார்க்கிறார் என்பது பலருக்கு மங்கலாகத்தான் தெரிந்திருந்தது. ஆனால் அவர் நல்லவர், நம்மைப் பார்த்துக்கொள்கிறவர் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை. அதாவது, விவரம் வருவதற்கு முன்பே பாசம் வந்துவிட்டது. அதிபர் நிக்சனைச் சிக்கவைத்த வாட்டர்கேட் ஊழல் விவகாரம் வெடித்த பிறகு நடந்து 1974-இல் வெளிவந்த கிறிஸ்டோபர் ஆர்ட்டர்டனின் ஆய்வில் படம் தலைகீழானது. அந்தக் காலப் பிள்ளைகளுக்கு அதிபர் நம்பக்கூடாத ஆளாகத் தெரிந்தார். அந்தப் பிள்ளைகள் யாரும் விசாரணை அறிக்கை படித்திருக்கமாட்டார்கள். வீட்டிலும் டிவியிலும் பேச்சு மாறியது, பிள்ளைகளின் மனமும் கூடவே மாறியது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே 6, 7 வயதுப் பிள்ளை ஒரு தலைவரைக் கும்பிடாத குறையாகப் போற்றினால் அதை அரசியல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்குத் தலைவர் என்றால் பெரிய அளவில் ஓர் அப்பா, அம்மா, அல்லது கதைகளில் வரும் வீரர். இந்த வயதில் குற்றச்சாட்டுகளை அடுக்கினால் பிள்ளைக்குப் பயம்தான் வரும். "அவர் நல்லது செய்யணும்னு நாம எதிர்பார்க்கிறோம், செய்றாரான்னு பார்ப்போம்" என்ற அளவில் நிறுத்துங்கள், போதும்.

9 முதல் 12 வரையிலான வயதில் நியாயம், அநியாயம் என்ற கணக்கு சூடு பிடிக்கும். உலகம் நம் ஆள், அவர்கள் ஆள் என்று இரண்டாகப் பிரியும். கேள்வி கேட்கும் பழக்கத்தை ஊன்ற இதைவிட நல்ல வயது இல்லை. 13-க்கு மேல் வேறு கதை. "நான் யார்" என்ற தேடல்தான் அந்த வயதின் பெரிய வேலை என்றார் உளவியலாளர் எரிக் எரிக்சன். தலைவரின் படத்தை டிபியாக வைக்கும் 15 வயதுப் பெண், அந்தப் படத்தின் வழியாகத் தான் யார் என்று ஊருக்குச் சொல்கிறாள். அந்தப் படத்தை நீங்கள் கேலி செய்தால் அது அவளையே கேலி செய்ததாக அவள் காதில் விழும்.

இரண்டாம் படி: பிடித்திருப்பது எது என்று கண்டுபிடியுங்கள்

அவசரப்படாமல் செய்ய வேண்டிய படி இது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி தெரியும் பக்திக்குள் நான்கைந்து வேறு வேறு விஷயங்கள் ஒளிந்திருக்கும்.

சில பிள்ளைகளுக்குப் பிடித்திருப்பது ஆள். நடை, குரல், எதிராளியை மடக்கும் லாகவம், ரீல்ஸில் பின்னணி இசையோடு வரும் மெதுவான நடை. 1956-இலேயே டொனால்டு ஹார்ட்டன், ரிச்சர்டு வோல் என்ற இருவர் இதைப் பற்றி எழுதிவிட்டார்கள்: திரையில் அடிக்கடி பார்க்கும் ஒருவரை நமக்கு நெருங்கிப் பழகியவராகவே மனம் எடுத்துக்கொள்கிறது, அவருக்கு நம்மைத் தெரியவே தெரியாது என்றாலும். அன்றைக்கு இருந்தது வரவேற்பறை டிவி. இன்றைக்கு அந்த முகம் போர்வைக்குள்ளும் வருகிறது.

கூடவே இன்னொரு வேலையும் நடக்கும். உளவியலாளர் எட்வர்டு தார்ண்டைக் 1920-இல் ராணுவத்தில் ஒன்றைக் கவனித்தார். தங்களுக்குக் கீழே உள்ளவர்களை மதிப்பிட்ட அதிகாரிகள், ஒருவருக்கு உடல்வாகில் நல்ல மதிப்பெண் போட்டால் அறிவுக்கும் ஒழுக்கத்துக்கும் சேர்த்தே நல்ல மதிப்பெண் போட்டார்கள். நன்றாகப் பேசுகிறவர் நேர்மையானவராகவும் இருப்பார் என்று பிள்ளை நம்புவதும் இதே கணக்குதான். பெரியவர்களும் விதிவிலக்கில்லை என்பதைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

வேறு சில பிள்ளைகளுக்குப் பிடித்திருப்பது கூட்டம். வகுப்பில் நான்கு பேர் ஒரே தலைவரைச் சொல்கிறார்கள், அந்த நால்வரோடு சேர ஒரு வழி கிடைக்கிறது. தனியாக இருக்கும் பிள்ளைக்கு இணையத்தில் "நம்ம ஆளு" என்று அழைக்கும் ஒரு குழு எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். இந்தப் பிள்ளையிடம் தலைவரைப் பற்றி வாதாடிப் பயனில்லை. அதற்குத் தேவை நண்பர்கள்.

இன்னும் சில பிள்ளைகளுக்கு உண்மையிலேயே ஒரு கொள்கை பிடித்திருக்கும்: ஏழைகளுக்குக் கல்வி, மொழியுரிமை, சுற்றுச்சூழல், சாதியோ நிறமோ பார்க்காத சமத்துவம். அப்படியானால் மகிழ்ச்சியடையுங்கள். அப்புறம் இருக்கவே இருக்கிறது கடைசி வகை: உங்களுக்குப் பிடிக்காது என்பதாலேயே பிடித்திருப்பது. நீங்கள் கத்துவதை நிறுத்தினால் பாதி வேகம் தானாகக் குறைந்துவிடும்.

மூன்றாம் படி: கேளுங்கள், ஆனால் விசாரணை வேண்டாம்

"உனக்கு என்ன தெரியும்?", "ஓட்டுப் போடுற வயசு வந்ததும் பேசு", "எல்லா அரசியல்வாதியும் திருடங்கதான்." இந்த மூன்றையும் விட்டுவிடுங்கள். முதல் இரண்டும் பேச்சை அங்கேயே முடித்துவிடும். மூன்றாவது இன்னும் மோசம். எல்லாரும் திருடர்கள் என்றால், நன்றாகப் பேசும் திருடனைத் தேர்ந்தெடுப்பதில் தப்பில்லை என்றுதானே பிள்ளைக்குப் படும்?

வேறு மாதிரி தொடங்கலாம்.

"அவரோட பேச்சுல உனக்கு ரொம்பப் பிடிச்சது எது? எனக்குப் போட்டுக் காட்டேன்."

போட்டுக் காட்டினால் முழுவதையும் பாருங்கள். நடுவில் பெருமூச்சு, நக்கல் சிரிப்பு எதுவும் வேண்டாம். பார்த்த பிறகு உங்களுக்கு நிஜமாகவே பிடித்த ஒன்றைச் சொல்லுங்கள், ஒன்றாவது இருக்கும். "இதை நல்லா சொல்றார். இதை எப்படிச் செய்யப் போறார்னு எங்கேயாவது சொல்லியிருக்காரா?" என்று கேட்டுவிட்டு விட்டுவிடுங்கள். பதிலை அன்றைக்கே வாங்கியாக வேண்டும் என்பதில்லை. பிள்ளை போய்த் தேடினால் அதுவே வெற்றி. காரில் போகும்போதோ, சேர்ந்து பாத்திரம் கழுவும்போதோ, முகம் பார்க்காமல் பேசும் நேரங்களில் இந்தப் பேச்சு நன்றாக வரும்.

நான்காம் படி: வீட்டுக்குள் ஏற்கெனவே ஒரு சிலை இருக்கிறதா?

கொஞ்சம் கசப்பான படி. நீங்கள் உங்கள் தலைவரைப் பற்றி எப்படிப் பேசுகிறீர்கள்? அவர் செய்த ஏதாவது ஒன்று தவறு என்று பிள்ளையின் காதுபடச் சொல்லியிருக்கிறீர்களா? குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பாவும் மாமாவும் போடும் சண்டையைப் பிள்ளை பார்க்கிறது. தலைவருக்காகச் சொந்தத்தையே பகைத்துக்கொள்ளலாம் என்று அது கற்றுக்கொள்வது அங்கேதான்.

கட்சி விசுவாசம் வீட்டில் ஓரளவு கைமாறுகிறது. மற்ற அரசியல் கருத்துகள் அந்த அளவுக்குக் கைமாறுவதில்லை. அமெரிக்க மாணவர்களையும் பெற்றோரையும் 1965-இல் ஆய்வு செய்த அரசியல் அறிஞர்கள் ஜென்னிங்ஸும் நீமியும் கண்டது இது. 2014-இல் எலியாஸ் டினாஸ் வெளியிட்ட ஆய்வு இன்னும் சுவாரசியமானது. அரசியல் மிகுதியாகப் பேசும் வீடுகளின் பிள்ளைகள் பெற்றோரின் நிலைப்பாட்டை எளிதில் எடுத்துக்கொள்கிறார்கள். வீட்டை விட்டு வெளியே வந்து வேறு அனுபவங்கள் கிடைத்ததும் அதைக் கைவிடுவதும் அவர்களில்தான் அதிகம். ஊட்டி ஊட்டித் திணித்தது நிலைக்காது என்று ஆசைப்படும் என் போன்றவர்களுக்கு இது ஆறுதல்.

தாய்க்கு ஒரு கட்சி, தந்தைக்கு ஒரு கட்சி என்றால் அதை மறைக்க வேண்டாம். இருவரும் கோபப்படாமல் கருத்து வேறுபடுவதைப் பிள்ளை நேரில் பார்ப்பது எந்தப் பாடத்தையும் விட மேல்.

ஐந்தாம் படி: ஆளிலிருந்து நாற்காலிக்கு

"அவர் வந்தா எல்லாம் மாறிடும்" என்பது பக்தியின் மைய நம்பிக்கை. அதை மறுக்காமல், "எல்லாம்" என்பதிலிருந்து ஒன்றை மட்டும் பிள்ளையே எடுக்கட்டும். பள்ளிகளைச் சரிசெய்வது என்று வையுங்கள். இனி இருவரும் சேர்ந்து தேடுங்கள். இதற்குச் சட்டம் தேவையா, யார் இயற்ற வேண்டும்? பணம் எந்தக் கணக்கிலிருந்து வரும், யார் அனுமதிக்க வேண்டும்? அந்தத் தலைவர் வகிக்கும் பதவிக்கு இதில் அதிகாரம் உண்டா, இல்லை வேறொரு அரசிடம் இருக்கிறதா? முன்னால் இருந்தவர் முயன்றாரா, எங்கே முட்டி நின்றது? நீதிமன்றம் தடுத்தால் என்ன ஆகும்?

ஒரே ஒரு வாக்குறுதியை இப்படிப் பின்தொடர்ந்தால் போதும். தனியொருவர் எதையும் செய்துவிடுவதில்லை என்பதும், அவரைத் தடுக்கும் அமைப்புகள் ஏன் இருக்கின்றன என்பதும் பிள்ளைக்குத் தானே விளங்கும்.

இந்த இடத்தில் வளர்ந்த பிள்ளைகளிடம் சொல்ல இரண்டு செய்திகள் வைத்திருங்கள். 1937 நவம்பரில் கல்கத்தாவிலிருந்து வந்த ஓர் ஆங்கில இதழில் 'சாணக்யா' என்ற பெயரில் ஒருவர் நேருவைப் பற்றி எழுதினார். இந்த ஆளுக்கு இவ்வளவு கைதட்டல் நல்லதல்ல, சர்வாதிகாரியாக மாறும் கூறுகள் இவரிடம் இருக்கின்றன, இவரைக் கட்டுக்குள் வைக்க வேண்டும் என்பது கட்டுரையின் சாரம். எழுதியவர் நேருவேதான். அடுத்தது, 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் ஆற்றிய உரை. மதத்தில் பக்தி ஆன்ம விடுதலைக்கு வழியாகலாம், அரசியலில் பக்தி சீரழிவுக்கும் முடிவில் சர்வாதிகாரத்துக்கும்தான் வழி என்று அவர் எச்சரித்தார். இந்த இருவருக்கும் பின்னாளில் எத்தனை சிலைகள் எழுந்தன என்பது தனிக் கதை.

ஆறாம் படி: குணமும் குற்றமும் ஒரே தாளில்

பிள்ளையின் தலைவரிலிருந்து தொடங்காதீர்கள். தூரத்தில் இருப்பவர்களை வைத்துப் பழகுங்கள், அப்போது யாருக்கும் வலிக்காது. ஒரு தாளை நடுவில் மடித்து இரு பக்கமும் எழுதச் சொல்லுங்கள்.

ஆபிரகாம் லிங்கன்: 1863-இல் அடிமை விடுதலைப் பிரகடனம் ஒரு பக்கம். அதற்குச் சில நாட்களுக்கு முன், 1862 டிசம்பரில் டகோட்டா பழங்குடியினர் 38 பேர் ஒரே நாளில் தூக்கிலிடப்பட அவர் ஒப்புதல் தந்தது மறு பக்கம். முன்னூறுக்கும் மேற்பட்டோருக்கு விதிக்கப்பட்டிருந்த மரண தண்டனையைப் படித்துப் பார்த்துப் பெரும்பாலோருடையதை அவர் நீக்கினார் என்பதையும் எழுத வேண்டும். அது எந்தப் பக்கத்தில் வரும் என்று பிள்ளை குழம்பட்டும். அந்தக் குழப்பத்துக்காகத்தான் இந்தப் பயிற்சியே. சர்ச்சில்: ஹிட்லருக்குப் பணியாத உறுதி, 1943 வங்கப் பஞ்சத்தின்போது அவர் அரசு நடந்துகொண்ட விதம். மியான்மரின் ஆங் சான் சூச்சி: ஆண்டுக்கணக்கான வீட்டுக்காவல், 1991-இல் அமைதிக்கான நோபல்; பிறகு 2019-இல் அந்நாட்டுச் சிறுபான்மையினரான ரோஹிங்கியா மக்கள் மீதான இனப்படுகொலைக் குற்றச்சாட்டை மறுக்கத் தன் நாட்டின் சார்பில் சர்வதேச நீதிமன்றத்தில் போய் நின்றது.

காந்தி 1919-இல் மக்கள் தயாராகும் முன் சத்தியாகிரகத்தைத் தொடங்கியதை இமாலயத் தவறு என்று தாமே சொன்னதையும், மண்டேலா 1999-இல் ஒரே பதவிக்காலத்தோடு விலகியதையும் சேர்த்துக்கொள்ளலாம். தவறை ஒப்புக்கொள்வதும் நாற்காலியை விட்டு எழுவதும் ஒரு தலைவரை அளக்க நல்ல கோல்கள் என்பது என் கட்சி.

இதில் கை பழகிய பிறகு பிள்ளையின் சொந்தத் தலைவருக்கு ஒரு தாள். அவசரம் வேண்டாம், அதுவாகக் கேட்டால் இன்னும் நல்லது. அப்போது இரண்டு கேள்விகள் உதவும். ஒன்று, பெயரை மாற்றிப் பார்ப்பது: "இதையே அந்தக் கட்சித் தலைவர் செஞ்சிருந்தா என்ன சொல்லியிருப்பே?" மற்றது, இந்த வழிகாட்டியிலேயே முக்கியமானது என்று நான் நினைக்கும் கேள்வி:

"அவர் என்ன செஞ்சா, இது தப்புன்னு நீ சொல்வே?"

பதில் வந்துவிட்டால் நிம்மதி. எல்லைக்கோடு மனதில் இருக்கிறது. "அவர் எதுவும் தப்பா செய்யமாட்டார்" என்று பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றால் மடக்காதீர்கள். கேள்வி உள்ளே போய்விட்டது, சில மாதம் கழித்துத் திரும்பக் கேளுங்கள். அதே கேள்வியைப் பிள்ளை உங்களிடம் திருப்பினால் பதில் தயாராக இருக்கட்டும்.

ஏழாம் படி: வீடியோவை நம்புவதற்கு முன்

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் வரலாற்றுப் பேராசிரியர்கள், மாணவர்கள், தொழில்முறைச் செய்திச் சரிபார்ப்பாளர்கள் என மூன்று வகையினரிடம் இணையதளங்களைக் கொடுத்து நம்பலாமா என்று கேட்டார்கள். பேராசிரியர்கள் சிலர்கூட ஏமாந்தார்கள், ஏனென்றால் அந்தப் பக்கத்துக்குள்ளேயே இருந்து கூர்ந்து படித்தார்கள். சரிபார்ப்பாளர்கள் உடனே அதை விட்டு வெளியேறி, புதிய டேப்களைத் திறந்து, இதை நடத்துவது யார் என்று மற்றவர்கள் சொல்வதைத் தேடினார்கள். பிள்ளைக்குக் கற்றுத்தர வேண்டியது இந்த ஒரு வழக்கத்தைத்தான்: உள்ளே மூழ்காதே, வெளியே போய்க் கேள்.

துண்டு வீடியோவானால் முழு உரையைத் தேடுங்கள். முன்னும் பின்னும் சேர்த்துக் கேட்டால் சில சமயம் அர்த்தமே மாறும். எப்போது எடுத்தது, யார் முதலில் போட்டது என்று பாருங்கள். குரலையும் முகத்தையும் செயற்கை நுண்ணறிவால் செய்துவிடலாம் என்பதால் தலைவருக்கு எதிரான வீடியோவையும் இதே சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். அதை நீங்கள் முதலில் செய்துகாட்டினால் பிள்ளைக்கு உங்கள் மேல் நம்பிக்கை வரும். உங்கள் போனிலும் பிள்ளையின் போனிலும் ஒரே தலைவரின் பெயரைத் தேடி, எது முதலில் வருகிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்த பிறகு விளக்கம் அதிகம் தேவைப்படாது.

எட்டாம் படி: எங்கே கோடு போடுவது

கருத்துக்குத் தடை வேண்டாம், நடத்தைக்கு விதி இருக்கட்டும். 1989-இல் ஐ.நா. ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையும் பிள்ளைகளுக்குச் சிந்தனை, கருத்து வெளிப்பாடு, அமைதியாகக் கூடுதல் ஆகிய உரிமைகளை ஒப்புக்கொள்கிறது. பெற்றோர் வழிகாட்டும் பொறுப்பையும் சேர்த்தே சொல்கிறது.

விதிகள் குறைவாக, தெளிவாக இருக்கட்டும். யாரையும் சாதி, மதம், இனம், உடல், பெண் என்று சொல்லி இழிவாகப் பேசக்கூடாது, பின்னூட்டத்திலும்தான். தனிப்பட்ட விவரங்களைக் கட்சிக் குழுக்களில் தரக்கூடாது. முகம் தெரியாத பெரியவர்கள் இருக்கும் குழு என்றால் வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். காசு கேட்டால் சொல்ல வேண்டும்.

பொதுக்கூட்டத்துக்குப் போக ஆசைப்பட்டால் நீங்களே ஒருமுறை கூட்டிப் போகலாம். ஆனால் மேடைக்கு முன்னால் நெருக்கியடிக்கும் இடத்துக்கு வேண்டவே வேண்டாம். ஓரமாக, வெளியேறும் வழி பக்கத்தில், கூட்டம் கலைவதற்குக் கொஞ்சம் முன்பே கிளம்பும்படி. நெரிசலில் முதலில் மூச்சுத் திணறுவது குட்டையாக இருக்கிறவர்களுக்குத்தான். சின்னப் பிள்ளை என்றால் வீட்டிலேயே நேரலை பார்க்கலாம்.

விளையாட்டல்ல என்று எடுத்துக்கொள்ள வேண்டிய அறிகுறிகளும் உண்டு. எதிர்த்தரப்பு மக்களை மனிதர்களாகவே பேசாமல் இருப்பது, வன்முறையை நியாயப்படுத்துவது, பழைய நண்பர்களை ஒவ்வொருவராக வெட்டிவிடுவது, இரவுத் தூக்கமும் படிப்பும் போவது, தலைவருக்காகச் சாகத் தயார் என்ற ரீதியில் பேசுவது. கடைசியாகச் சொன்னதை ஒருமுறை கேட்டாலும் வசனம் என்று தள்ளாதீர்கள். உட்காரவைத்து நேராகக் கேளுங்கள். பள்ளி ஆலோசகரையோ மனநல மருத்துவரையோ பாருங்கள். அங்கே போய்த் தலைவரைப் பற்றிப் புகார் வாசிக்காமல் பிள்ளையின் தூக்கம், தனிமை, கோபம் இவற்றைச் சொல்லுங்கள்.

ஒன்பதாம் படி: உங்களுக்கும் அதே தலைவரைப் பிடிக்குமென்றால்

மேலே சொன்ன எல்லாம் உங்களுக்கும் பொருந்தும், கொஞ்சம் கூடுதலாகவே. முழக்கம் போடும் மழலையின் வீடியோவை ஊருக்கு அனுப்பாதீர்கள். அந்தப் பிள்ளைக்கு 20 வயதாகும்போது வேறு கருத்து இருக்கலாம், வீடியோ அப்போதும் இருக்கும். வாரத்துக்கு ஒருமுறையாவது எதிர்த்தரப்பின் நல்ல வாதம் ஒன்றை நேர்மையாக எடுத்துச் சொல்லுங்கள். கேலிச்சித்திரமாக்கிச் சொன்னால் கணக்கில் சேராது.

பத்தாம் படி: தலைவர் சறுக்கும்போது

தேர்தலில் தோற்கலாம், ஊழல் வழக்கில் சிக்கலாம், கட்சி மாறலாம், இறந்தும் போகலாம். பிள்ளைக்கு அது நிஜமான இழப்பு. "நான் அப்பவே சொன்னேன்ல" என்ற வாக்கியம் நாக்கு நுனிவரை வரும், விழுங்கிவிடுங்கள். அதைச் சொன்னால், அடுத்த முறை ஏமாறும்போது பிள்ளை உங்களிடம் வராது.

முதல் சில நாட்கள் ஆறுதல் மட்டும். தோல்வியானால் வென்றவர்களை வைது ஆறுதல் தேடாதீர்கள். அடுத்த தேர்தல் எப்போது என்று சொல்லுங்கள். குற்றச்சாட்டானால், குற்றச்சாட்டு, வழக்கு, தீர்ப்பு மூன்றும் வேறு வேறு என்று விளக்கி, எது நிரூபிக்கப்பட்டிருக்கிறது என்று சேர்ந்து பாருங்கள். பிள்ளை முன்னைவிடப் பிடிவாதமாக ஆதரித்தால் அதிர வேண்டாம். இவ்வளவு நாள் நம்பியதை ஒரே நாளில் விட எந்த வயதினருக்கும் கஷ்டம்தான். வெறுப்பாகி "இனி அரசியலே வேண்டாம்" என்று சுருண்டுகொண்டால், தலைவர் வழியாகப் பிள்ளைக்கு எந்தப் பிரச்சினையில் அக்கறை வந்ததோ அதை எடுங்கள். பள்ளிக் கழிப்பறையோ, ஏரியோ, நூலகமோ. அதற்காக உள்ளூர் மக்கள் பிரதிநிதிக்கோ அலுவலகத்துக்கோ பிள்ளையே ஒரு கடிதம் எழுதட்டும், நீங்கள் முகவரி மட்டும் தேடிக் கொடுங்கள். சுவரில் உள்ள படத்தை எப்போது எடுப்பது, எடுப்பதா வேண்டாமா என்பதைப் பிள்ளையிடமே விட்டுவிடுங்கள்.